பிரீனா காது வைக்கும் இடம்

சறுக்குமரத்திலிருந்து விழுந்து முழங்கால் முழுக்கத் தோல் உரிந்த ஐந்தரை வயதுப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள்? தைரியசாலி என்பார்கள். பிரீனாவுக்கும் அதுதான் நடந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லி, அவள் நெற்றியில் ஒரு தங்க நட்சத்திரமும் ஒட்டிவிட்டார்கள்.

பெமிலா மட்டும் கைதட்டவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் அவள்தான் கவுன்சலர். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் 'அழுவுற ரூம்'. பதினான்கு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. வலித்தால் பிள்ளை அழும். இங்கே அழவில்லை என்றால் வேறெங்கோ அழுகிறது. அது எங்கே, யாரிடம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிரீனாவின் அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். மறுநாள் வந்தது ஜினிஷா. முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எந்த நேரமும் எழுந்து போகத் தயாரானவளாகக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவ அழுவா மேடம். முட்டு உரிஞ்ச அன்னைக்கும் அழுதா. வேன்ல இருந்து இறங்கினதும் அழுதா. ஆனா என்கிட்ட இல்ல."

"பின்ன யார்கிட்ட?"

"அவளுக்க அம்மைகிட்ட."

பெமிலா கோப்பைப் புரட்டினாள். தாய் ஷெர்லின், இதய வால்வில் கோளாறு, குழந்தைக்குப் பதினொரு மாதம் ஆனபோது மரணம். தந்தை சஜின், மஸ்கட்டில் இருந்தவர், மனைவி இறந்ததும் வேலையை விட்டு வந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டாம் திருமணம், கொட்டாரம் ஊர்ப் பெண் ஜினிஷா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அம்மை முற்றத்திலதான் கிடக்கா மேடம்" என்றாள் ஜினிஷா.

வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டிருந்தால் பதறியிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. சொந்த நிலத்தில் அடக்கம் செய்து, மேலே கல்லறை கட்டி, குளியலறைக்கு வாங்கியதில் மிச்சமான டைல்ஸையும் ஒட்டி, ஒரு சிலுவையும் போட்டோவும் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே துணி காயப்போடுவார்கள். கோழி அதன்மேல் ஏறி நிற்கும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தால் அதற்கும் சேர்த்தே அடிப்பார்கள்.

ஜினிஷா சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளை அவளிடம் சண்டை போடுவதில்லை. அடம் பிடிப்பதில்லை. கொடுத்ததைத் தின்னும், சொன்ன இடத்தில் படுக்கும். அம்மா என்று கூப்பிடாததுகூடப் பெரிதில்லை, எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டுமானால் முன்னால் வந்து நிற்கும். காய்ச்சல், காயம், பயம் என்று எது வந்தாலும் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கல்லறையில் காதை வைத்துப் படுத்துவிடும்.

"வாற சனியாழ்ச்ச கல்லறையை இடிச்சுப் பொளிச்சு சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாத்துதாவ. போதகர் ஐயர்கிட்டயும் சொல்லியாச்சு. அது போயிட்டா பிள்ள தானா என்கிட்ட வந்திரும்னு அவளுக்க அப்பா சொல்லுதாரு. எனக்குப் பேடியா இருக்கு மேடம். அம்மைய ரெண்டாவது தடவ பறிச்சது நான்னு ஆயிப்போச்சுன்னா? பிறகு அவ என்கிட்ட வருவாளா? பொளிக்கலாமா, கூடாதா? நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

கண்ணீர் விடாமல்தான் கேட்டாள். பெமிலாவுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பிற்பகல் பஸ் பிடித்துப் போனாள். சிதறாலுக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவில் ஏறினால் சஜினின் வீடு. வீட்டுக்கு வலப்பக்கம் கொடிக்கயிறு. கயிற்றைத் தாண்டிப் பத்தடியில் இளம்பச்சை டைல்ஸ் ஒட்டிய கல்லறை. அதற்கும் பின்னால் சஜினின் பெரியம்மா நேசபாயின் ஓலைச் சாய்ப்பு, அதற்குள் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின். பெமிலா கொடிக்கயிற்றுக்கு இப்பால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் நோட்டை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. பிரீனா இறங்கினாள். பையை எறிந்துவிட்டு நேரே கல்லறைக்குப் போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு விளையாடப் போனாள். அன்னாசிச் செடிகள் வரை ஓடி, ஏதோ ஒரு வண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு தட்டு. அடுத்து ரப்பர் மரம் வரைக்கும். திரும்பி வந்து ஒரு தட்டு. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம் போனாள்.

பெமிலாவின் பேனா நின்றுவிட்டது. இதை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். கடற்கரையில் தாயின் சேலை நுனியைத் தொட்டுவிட்டு அலை வரை ஓடி, மறுபடியும் ஓடிவந்து தொடும் பிள்ளைகள் செய்வது இதுதான். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் பிள்ளை முன்னால் போகும். பெற்றோர் கூட்டத்தில் இதற்கென்றே அவள் ஒரு படம் போட்டுக் காட்டுவாள். பிரீனா அந்தப் படத்தில் இருந்த பிள்ளையைவிட நன்றாகவே செய்துகொண்டிருந்தாள்.

ஜினிஷா ஒரு தட்டில் பழம்பொரி கொண்டுவந்து கொடிக்கயிற்றின் அடியில் நின்றாள். அந்தக் கயிற்றைத் தாண்டி அவள் கால் போகவில்லை. பிரீனா வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் போகும்போது வேர் தடுக்கி, ஏற்கெனவே உரிந்திருந்த அதே முட்டில் விழுந்தாள். முகம் கோணிற்று. எழுந்து ஓடி, கல்லறையின் மேற்குப் பக்கம் படுத்து, டைல்ஸில் காதை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பெமிலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடத்தில் அழுகை விம்மலாயிற்று. இரண்டாவது நிமிடத்தில் விம்மலும் அடங்கி, மூச்சு நீளமாயிற்று. மூன்றாவது நிமிடத்தில் எழுந்து மறுபடியும் வண்டைத் தேடிப் போய்விட்டாள்.

பெமிலா நேரத்தைக் குறித்து, இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அழுகையை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். பல்லைக் கடிக்கும், விரல் சப்பும், எங்கோ வெறித்துப் பார்க்கும். இது அடக்கிக்கொண்ட அழுகை இல்லை, ஆற்றிவிட்ட அழுகை. இந்த வயதில் எந்தப் பிள்ளையும் தானாக இப்படி ஆறுவதில்லை, யாராவது ஆற்ற வேண்டும். பதில் தராத ஒன்றோடு பிள்ளைக்குப் பிணைப்பு வராது என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறவள் அவள்தான். அப்படியானால் இங்கே பதில் தருவது யார்?

படித்தவளுக்குக் காரணம் தேட எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளை வீட்டுக்குள் போனதும் பெமிலா போய் டைல்ஸைத் தொட்டுப் பார்த்தாள். மேற்குப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. பிற்பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர். சரி. குனிந்து காதை வைத்தாள். டக் டக்… டக். டக் டக்… டக். இரண்டு, ஒரு இடைவெளி, ஒன்று. சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சாய்ப்புக்குள் நேசபாய் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஷீட் உருளைக்குள் போகும்போது இரண்டு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையும் மெஷின் தரையில் இடித்தது. அப்பாடா என்று பெமிலா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நேசபாய் பாக்கியையும் சொன்னாள். "நான் என்ன செய்யியது மக்கா? பதினொரு மாசப் பிள்ள. காலத்த ரப்பர் வெட்டுக்குப் போணும், பால் எடுக்கணும், ஒறைய வைக்கணும், ஷீட் அடிக்கணும். இடுப்பில பிள்ளைய வச்சிட்டு மெஷினைச் சுத்த ஒக்குமா? அவன் மஸ்கட்டில இருந்து வந்து சேர மூணு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தக் கல்லறைமேலதான் கொண்டு இருத்துவேன். அம்மைகிட்ட இரி மக்களேன்னு சொல்லுவேன். உடனே வாய மூடிரும். பிறகு அவன் வந்தும் வேலைக்குப் போணுமில்லா? பிள்ள பின்னயும் அங்கதான்."

"நீங்க எப்பவாவது காது வச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கு என்னத்துக்கு? பிள்ள அழாம இருந்தா போராதா?"

சூடும் ஒரு சீரான சத்தமும். பாலூட்டாவிட்டாலும் பஞ்சுத் துணி சுற்றிய பொம்மையைக் குரங்குக் குட்டி கட்டிக்கொள்ளும் என்று பெமிலா கல்லூரியில் படித்திருந்தாள். அதுதான் இது என்று தீர்மானித்தாள். ஜினிஷாவைக் கூப்பிட்டுத் தைரியம் சொன்னாள். சனிக்கிழமை தாராளமாகப் பொளிக்கட்டும், அதற்குள் பிள்ளையை மடியில் வைத்துப் பழக்கு, உன் உடம்பிலும் சூடுண்டு, சத்தமுண்டு. ஜினிஷா தலையாட்டினாள். பெமிலா நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

செவ்வாய் இரவு பிடித்த மழை புதனும் விடவில்லை. ஐப்பசி மழை அப்படித்தான். வியாழக்கிழமை பள்ளிக்கு மதியத்தோடு விடுமுறை விட்டார்கள். சனிக்கிழமைக்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று பெமிலா குடையைப் பிடித்துக்கொண்டு சரிவேறினாள். மழை தூறலாகியிருந்தது. மரங்களில் வெட்டு இல்லை. சாய்ப்புக்குள் மெஷின்மேல் தார்ப்பாய் மூடி, அதன்மேல் ஒரு கல்லும் வைத்திருந்தது. நேசபாய் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

பிரீனா வாசல்படியில் உட்கார்ந்து பெமிலா கொண்டுவந்த பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஓர் இடி விழுந்தது. மலைக்கு அந்தப்பக்கம் எங்கோதான், ஆனால் ஓடுகள் அதிர்ந்தன. பிள்ளை பொம்மையைப் போட்டுவிட்டு எழுந்தாள். கதவருகே ஜினிஷா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குனிந்தாள். பிரீனா அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு தூறலுக்குள் ஓடினாள். ஜினிஷாவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன. பிறகு அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.

பெமிலா குடையோடு பிள்ளையின் பின்னால் போனாள். பிள்ளை வழக்கமான இடத்தில் காதை ஒட்டி, கண்ணை இறுக மூடி நடுங்கிக்கொண்டிருந்தாள். பெமிலா அவளுக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் ஒட்டி மண்டியிட்டு, தானும் காதை வைத்தாள்.

டக்டக், டக். டக்டக், டக். டக்டக், டக்.

மெஷின் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ரோட்டில் வண்டி இல்லை. காலையிலிருந்து கரண்டும் இல்லை. சத்தம் வேகமாக வந்தது, பயந்த பிள்ளையின் மூச்சுக்குச் சரியாக. பிறகு கொஞ்சம் மெதுவாயிற்று. பிள்ளையின் மூச்சும் கொஞ்சம் மெதுவாயிற்று. சத்தம் இன்னும் மெதுவாயிற்று. பிள்ளை பின்தொடர்ந்தாள். படியிறங்கும் குழந்தைக்குக் கைகொடுத்து ஒவ்வொரு படியாக இறக்குகிற பொறுமை அதில் இருந்தது. டக் டக்… டக். டக் டக்…… டக். பிரீனா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

கன்னத்தில் டைல்ஸ் சூடாக இருக்கிறது என்பது பெமிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் மழையில் நனைந்த டைல்ஸ். கையை ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தாள். அங்கே ஐஸாகக் குளிர்ந்தது. பிள்ளை படுத்திருந்த அளவுக்கு மட்டும் சூடு இருந்தது. அவள் எழுந்து ஓடத்தான் நினைத்தாள். பிள்ளையைத் தனியே விட்டு எப்படி ஓடுவது என்ற ஒன்றுதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

சஜின் வேலை முடிந்து வந்ததும் வாசலில் வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஷெர்லினுக்கு நெஞ்சு எப்படி அடிக்கும்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். "அது என்னத்துக்கு மேடம் இப்ப?" என்றவன், அவனாகவே சொன்னான். "எல்லாரையும் போல அடிக்காது. டாக்டர் ஒருக்கா என் காதில குழல வச்சுக் கேக்கவச்சாரு. ரெண்டு அடிக்கும், நிக்கும், பிறகு ஒண்ணு. லீவுக்கு வரும்போது அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும்." விரலால் ஹெல்மெட்டில் தட்டிக் காட்டினான். டக் டக்… டக்.

இனி என்ன செய்வது? பேய் என்று சொல்லிவிட்டுப் போக அவளால் முடியும். பள்ளியில் அவளுடைய வேலை போகும், அது ஒரு புறம். ஆனால் அவள் கண்ட பேய் யாரையும் பயமுறுத்தவில்லை. நாலரை வருடமாக ஒரு பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறது. உயிரோடு இருக்கிற எத்தனையோ தாய்மாரை அந்த 'அழுவுற ரூமில்' உட்காரவைத்து, போனைக் கீழே வையுங்கள், பிள்ளை அழுதால் திரும்பிப் பாருங்கள் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். ஷெர்லினுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை.

பெமிலாவுக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. படிப்பு முடிந்த புதிதில் தத்துக்கொடுக்கும் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை வளர்த்த ஆயாதான் புதுத் தாயின் கையில் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பார்க்கிறபடி, சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். ஒருமுறை ஆயா அழுவாள் என்று, தூங்குகிற பிள்ளையை அப்படியே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எட்டு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிடுங்கிக்கொடுத்தால் பிள்ளை வராது, வளர்த்தவள் கொடுத்தால்தான் வரும்.

சமையலறையில் ஜினிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தான் கேட்டதையும் மறைக்கவில்லை. ஜினிஷா ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும் மேடம். துணி விரிக்கப் போவும்போதெல்லாம் யாரோ என்னைப் பாத்துகிட்டே இருக்கது போல இருக்கும். கோபமா இல்ல. பொண்ணு பாக்க வந்தவங்க பாப்பாங்கல்லா, அது போல."

"அப்ப நீ போய்க் கேக்கணும் ஜினிஷா. நாளைக்கே."

"நான் அவளுக்க ஒரு பாத்திரத்தக்கூட எடுத்துப் புழங்கினதில்ல மேடம். பிள்ளைய எப்பிடிக் கேக்கது?"

"கேட்டுப் பாரு."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. நாலு மணிக்கு வேன் வந்தபோது பெமிலா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரீனா போய்க் காதை வைத்துப் படுத்தாள். அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. நாளைக்கு என்ன என்று வீட்டில் பேசியதை எப்படியோ கேட்டிருந்தாள் போலும், இரண்டு கைகளாலும் டைல்ஸை அணைத்துக்கொண்டிருந்தாள்.

ஜினிஷா செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றின் அடியில் குனிந்து அந்தப்பக்கம் போனாள். பத்தடி நடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை டைல்ஸில் வைத்தாள். பிறகு குனிந்து முழு உடம்பையும் கல்லறைமேல் சாய்த்து, நெஞ்சு படும்படிப் படுத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "பிள்ளைய எனக்குத் தாங்க. நான் நல்லாப் பாத்துக்கிடுவேன். உங்களுக்கு என்ன வேணும்னாலும் என்கிட்ட இருந்து எடுத்துக்கிடுங்க."

அந்தக் கடைசி வரியைப் பெமிலா சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அது முடிந்துவிட்டது. ரப்பர் மரங்களில் இலை ஒன்றும் அசையவில்லை. எங்கோ கத்திக்கொண்டிருந்த செம்போத்து நிறுத்திக்கொண்டது. பிரீனா திடீரென்று தலையைத் தூக்கி, டைல்ஸைப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் காதை வைத்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில். முகம் கோணத் தொடங்கியது. அப்புறம் மெல்ல ஜினிஷாவைப் பார்த்தாள். நகர்ந்து நகர்ந்து வந்து, அவளைத் தோளில் பிடித்து எழுப்பி, மடியில் ஏறி, நெஞ்சில் காதை வைத்தாள்.

பெமிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து எண்ணுவதற்குள் பிள்ளையின் உடம்பு தளர்ந்து ஜினிஷாவின் உடம்போடு படிந்தது. ஜினிஷா இரண்டு கைகளாலும் அவளைச் சுற்றிக்கொண்டாள். அந்தக் கைகளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. பெமிலா அழுதாள், வெட்கப்படாமல் கயிற்றில் காய்ந்த யாருடைய துண்டிலோ மூக்கைச் சிந்தினாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. ஜினிஷாவின் உதடு வெளுத்திருந்ததைக் கவனிக்கத்தான் செய்தாள்.

"என்ன ஜினிஷா?"

"ஒண்ணுமில்ல மேடம். டைல்ஸு குளிரா இருந்துச்சு."

சனிக்கிழமை கல்லறையைப் பொளித்தார்கள். போதகர் ஜெபம் செய்தார். ஒரு புதுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் மரியாதையாக எடுத்துவைத்து வேனில் ஏற்றினார்கள். பிரீனா ஜினிஷாவின் இடுப்பில் இருந்தபடி, பக்கத்து வீட்டு விஷயம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவளை இறக்கிவிட்டபோது அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை, தும்பி பிடிக்கப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஜினிஷா பிள்ளையோடு 'அழுவுற ரூமு'க்கு வந்தாள். பெமிலா வழக்கமாகச் செய்யும் சோதனைதான். தரையில் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி, தாயை வெளியே போகச் சொல்வது. மூன்று நிமிடம் கழித்து உள்ளே வரச் சொல்வது. பிள்ளை தேடுகிறதா, வந்ததும் என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஜினிஷா வெளியே போனதும் பிரீனா கட்டைகளை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஜினிஷா உள்ளே வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டு நெஞ்சில் காதை ஒட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு இறங்கி, கட்டை அடுக்கப் போனாள். புத்தகத்தில் இருக்கிறபடி அப்படியே.

"ஜெயிச்சிட்டே" என்றாள் பெமிலா.

ஜினிஷா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "நீங்களும் ஒருக்கா கேளுங்க மேடம்" என்றாள்.

பெமிலாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை. சுரிதாருக்கு மேலே காதை வைத்தாள். டக் டக்… டக். டக் டக்… டக்.

"டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பாத்தாரு. நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லேன்னாரு. டாக்டருக்குக் கேக்கல்ல. பிள்ளைக்குக் கேக்குது. அவருக்கும் கேக்குது." அவர் என்றது சஜினை. "கல்யாணம் கழிஞ்சு ஒண்ணர வருசத்தில என் பக்கம் திரும்பிப் படுக்காத மனுசன். இப்ப வேலை விட்டு வந்ததும் என் நெஞ்சில தலை வச்சுப் படுத்துக்கிடுதாரு. கண்ணில தண்ணியா ஒழுகும். ரெண்டு பேரும் ஓடி ஓடி வருதாவ மேடம். என்கிட்ட இல்ல. என் வழியா."

பிள்ளையைக் கைமாற்றச் சொன்னது பெமிலாதான். எதற்கு ஈடாக எது கைமாறும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. "ஜினிஷா, நான்…" என்று தொடங்கினாள்.

"அது பரவாயில்ல மேடம். நான்தானே கேட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்களுக்கது இங்க வந்தாச்சு. அப்ப எனக்குள்ளது எங்க போச்சு? போன ஞாயிறு ஆராதன முடிஞ்சு, எல்லாரும் போனப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். புதுசாக் கட்டினதில, மழையில சிமென்ட் ஈரம் இன்னும் காயல்ல, அதில காதை வச்சேன்."

பெமிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை குளிர்ந்திருந்தது.

"நல்லா அடிக்குது மேடம். ஒழுங்கா, விடாம, ஒண்ணுபோல அடிக்குது. நான் கொஞ்ச நேரம் அங்கயே இருந்தேன். எனக்கும் யாருக்க நெஞ்சையாவது காது வச்சுக் கேக்கணும்னு இருந்துச்சு."

அறையின் மூலையில் கட்டைகள் சரிந்து விழுந்தன. பிரீனா எழுந்து வந்து, ஜினிஷாவின் மடியில் ஏறி, நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கேயே, சுரிதாருக்குள் வாயை வைத்து, முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, வீட்டுக்குப் போவோம்."

ஜினிஷா அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் யார் சொல்வது என்று காத்திருந்தாற்போல் இருந்தது. பிறகு, "போவோம் மக்களே" என்று அவளே சொல்லிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.